காங்கிரஸ் புல்லும் கோதுமைக் கப்பலும்

ஐப்பசியில் இரண்டு மழை பெய்தால் போதும், எங்கள் விருதுநகர்க் கரிசலில் கொல்லையெல்லாம் பச்சை கட்டிவிடும். கத்தரிக்கும் மல்லிகைக்கும் நடுவே முதலில் தலை நீட்டுவது பார்த்தீனியம். காரட் இலை போல வெட்டுப்பட்ட இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ.

வடக்கே இதற்குக் காங்கிரஸ் புல் என்று பெயர். காமராஜர் பிறந்த ஊரில் அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. பூ கதர்த் தொப்பி போல இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். காங்கிரஸ் ஆட்சியில், பி.எல். 480 திட்டத்தில், அமெரிக்கக் கோதுமையோடு வந்த விதை என்பவர்களே அதிகம். ரேஷன் வரிசையில் நின்ற நம் வயதுக்காரர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. அந்தத் திட்டத்தில் இந்தியாவின் முதல் ஒப்பந்தம் 1956 ஆகஸ்டில் கையெழுத்தானது. புனேயில் ராவ் என்ற தாவரவியலாளர் இச்செடியை 1955-லேயே பார்த்துவிட்டார். 1951-ல் கடனாக வந்த அமெரிக்கத் தானியத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் 1814-ல் வெளியான ராக்ஸ்பரோவின் கல்கத்தா தோட்டப் பட்டியலிலேயே இதன் பெயர் இருக்கிறது! அப்போது காங்கிரஸும் இல்லை, ரேஷன் கடையும் இல்லை.

பஞ்ச காலத்துக் கோபம் எதன் மேலாவது இறங்கத்தான் செய்யும். 1967-ல் இதே விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றதில் அரிசித் தட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு. புல்லின் பழியையும் அந்தக் கட்சி சுமந்தது அநியாயம் என்பது என் கட்சி.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் களைக்கு 'மொவேஸ் எர்ப்', அதாவது கெட்ட புல், என்பார்கள். தமிழில் 'களை' என்பது பெயர்ச்சொல், ஏவலும் அதுவே. வசவைவிட ஏவல் உபயோகமானது.

இதை அழிக்க 1983-ல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, மறு ஆண்டு வெளியே விட்டார்கள். இலையை நன்றாகவே தின்றது. பிறகு சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று புகார் கிளம்பிப் பெரிய விவகாரம் ஆயிற்று.

வீட்டுத் தோட்டத்துக்குக் கைதான் வழி. பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்க வேண்டும். வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் அரித்துப் புண்ணாகும். மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும் என்பதால் பூத்ததை எருக்குழியில் சேர்க்கக்கூடாது. சிவகாசிப் பக்கம் இருப்பவர்கள், காய்ந்த குவியல்தானே என்று தீ வைத்துவிடவும் வேண்டாம்.