குருதியின் வருகைப் பதிவேடு

ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் ஒழுங்காக விளங்கும் வகுப்புகளைத் தலைமையாசிரியனாயிருந்தபோது கண்டிருக்கிறேன். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால்தான் உண்மை வெளிப்படும். நீரிழிவுச் சோதனையும் அத்தகையதே. முதல்நாள் உணவைக் குறைத்துக்கொண்டவருக்கு மறுநாட் சோதனையில் சர்க்கரை தாழ்ந்து காட்டக்கூடும். நோயோ உள்ளே வளரும்.

1968-ஆம் ஆண்டில் டெஹரான் நகரில் சாமுவேல் ராபர் என்னும் அறிஞர், நீரிழிவாளரின் குருதியில் ஒருவகை ஹீமோகுளோபின் மிகுந்திருக்கக் கண்டார். அது சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், இரண்டு மூன்று திங்களின் சராசரியை அது உரைக்கிறது. இதுவே ‘ஏ-ஒன்-சி’ சோதனை. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் 6.5 விழுக்காட்டை நீரிழிவின் எல்லையாக ஏற்றது. சோகை நோயுற்றோரிடம் இக்கணக்குப் பிறழலாம்; ஆயினும் ஒருநாள் ஒழுக்கம் இப்பதிவேட்டை ஏமாற்றாது.