சுங்கம் தவிர்த்த சோழனும் சக்கரத்தில் விழுந்தவரும்

தமிழ்ப் பிரதிகளில் பதிவாகியிருக்கும் பழைய சாலை விபத்து வழக்கு எது என்று கேட்டால் மனுநீதிச் சோழன் கதையைத்தான் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வாயால் சுருக்கமாக வருகிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார் விரித்து எழுதுகிறார். திருவாரூர் வீதி, இளவரசனின் தேர், சக்கரத்தில் சிக்கிய கன்று, மணியை அடிக்கும் பசு. பள்ளிக்கூடத்தில் படித்து, நீதிக்கு இலக்கணம் என்று ஒப்பித்து, மறந்தும்விட்டோம். வேறு மாதிரி வாசித்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. பாதிக்கப்பட்ட பசுவே நேரடியாக மணியடிக்கிறது. நடுவில் தரகர் இல்லை. அடுத்தது, விதிப்படி பிராயச்சித்தம் செய்து முடித்துவிடலாம் என்று அமைச்சர்கள் வழி சொல்கிறார்கள். பிராயச்சித்தத்தில் பசுவுக்கு என்ன கிடைக்கும்? அரசன் அதை ஏற்காததால் கதைக்குள் இந்தக் கேள்வி எழவில்லை. விபத்துச் சட்டத்தின் வரலாறோ முழுக்க இதைச் சுற்றித்தான் நகர்ந்திருக்கிறது. விழுந்தவர் பெயரால் வசூலாகும் பணம் யாரிடம் போகிறது?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. நெசவாளர் ஊர். தெருவுக்குள் தறிச் சத்தம், சாலைக்கு வந்தால் ஜல்லி லாரியும் கம்பெனி பஸ்ஸும். தறியை விட்டுவிட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இந்தச் சாலையில்தான் நிற்கிறார்கள். கொஞ்சம் வடக்கே போனால் சுங்கச்சாவடி வைத்த பெங்களூர் நெடுஞ்சாலை. இந்த ஊர்க்காரர் ஒருவர் அடிபட்டால் சட்டம் அவரை என்னவாகப் பார்க்கிறது என்று யோசித்ததில் பிறந்தது இந்தக் கட்டுரை.

நம் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ‘டியோடாண்ட்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. மனிதச் சாவுக்குக் காரணமான பொருள், அது வண்டியோ சக்கரமோ குதிரையோ, அல்லது அதன் மதிப்பு, மன்னருக்குச் சேரும். சக்கரமே குற்றவாளி. செத்தவரின் குடும்பத்துக்கு அதில் உரிமை கிடையாது. 1808ல் பேக்கர் எதிர் போல்டன் என்று ஒரு வழக்கு. குதிரைக் கோச்சு கவிழ்ந்து மனைவியை இழந்தவர் நீதிமன்றம் போனார். மனிதச் சாவை ஒரு சேதமாகச் சிவில் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்றார் எலன்பரோ பிரபு. மனைவி காயத்தோடு உயிர் பிழைத்திருந்த நாட்களுக்கு மட்டும்தான் கணக்கு. அதாவது, காயப்படுத்தினால் செலவு, கொன்றுவிட்டால் மிச்சம்! ரயில் வந்து சாவுகள் பெருகிய பிறகு 1846ல் குடும்பத்தார் வழக்குப் போட வழி செய்யும் சட்டம் வந்தது. அதே ஆண்டில் டியோடாண்டும் ஒழிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் இந்திய நகல் 1855ன் 13வது சட்டம்.

மோட்டார் வந்ததும் கதை மாறுகிறது. 1939ன் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1ல்தான். ‘மூன்றாம் நபர்’ என்ற சொல்லை நின்று கவனியுங்கள். வண்டிக்காரர் முதல் ஆள், காப்பீட்டுக் கம்பெனி இரண்டாவது ஆள், ரத்தம் சிந்துகிறவர் மூன்றாவது. ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கிறவர் என்பதே அவருடைய சட்டப்பெயர். 1956ல் செய்த திருத்தத்தால் இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் வந்தன. அங்கேயும் ஓட்டுநரின் தவறை நிரூபித்தாக வேண்டும் என்று 1977ல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிபட்டு மயக்கத்தில் கிடந்தவர் எப்படி நிரூபிப்பார்? 1982ல்தான் தவறை நிரூபிக்காமலே ஒரு தொகை கிடைத்தது: சாவுக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500.

பூக்கோவிடம் உதவியாளராக இருந்த பிரான்சுவா எவால்ட், பிரான்சின் 1898ம் ஆண்டுத் தொழில் விபத்துச் சட்டத்தை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார். காப்பீடு வந்தபின் விபத்து ஒருவரின் குற்றமாக இல்லாமல், எல்லோருக்கும் பகிரப்படும் ‘இடர்’ ஆகிவிடுகிறது என்பது அவர் வாதம். நல்ல விஷயம்தான், யாரையும் தூக்கில் போடாமல் பணம் கிடைக்கிறது. ஆனால் குற்றம் மறையும்போது கூடவே சாலையும் மறைந்துவிடுகிறது. தீர்ப்பாயத்தின் மனுவில் வழக்கமாக எதிர்மனுதாரர்கள் வண்டி உரிமையாளரும் கம்பெனியும்தான். பள்ளமும், விளக்கில்லாத வளைவும், நடைபாதை இல்லாத ஊர்முகப்பும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அபூர்வம்.

சாலைக்கு உரிமையாளர் இல்லையா என்ன? வசூல் செய்யும்போது இருக்கிறார். முதல் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். அந்தச் சுங்கம் வணிகப் பொருள்மீது விழுந்த வரி. இன்று சாவடியில் கட்டுவது சாலைக்கான கட்டணம். சொல் ஒன்றானாலும் பொருள் வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் சாலை வரிக்கென்றே கேட்டுகள் இருந்தன. வடசென்னையிலும் திருச்சியிலும் ‘டோல்கேட்’ இன்னும் ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1931ல் சென்னை மாகாணம் மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டுவந்து அந்தச் சுங்கங்களை ஒழித்தது. வருமானம் இழந்த உள்ளாட்சிகளுக்கு ஈடு கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. வண்டி வரி வந்தால் சுங்கம் போகும் என்பதுதான் அன்றைய பேரம். நாற்கரச் சாலைகளோடு சுங்கம் திரும்பி வந்தது. வண்டி வரி போகவில்லை.

இதற்கு மேல் ஒருபடி போனது நெரிசல் கட்டணம். சிங்கப்பூர் 1975லும், லண்டன் 2003லும், நியூயார்க் 2025 ஜனவரியிலும் நகர மையத்துக்குள் நுழையும் வண்டிக்கு விலை வைத்தன. வண்டி குறைந்தால் பாதசாரிக்கும் நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. நியூயார்க்கில் அந்தப் பணம் பொதுப் போக்குவரத்துக்குப் போகிறது, அதுவும் சரி. ஆனால் அந்த மண்டலத்துக்குள் அடிபட்டவருக்கு, கட்டணம் வசூலாகிற தெரு என்பதால் கூடுதலாக ஒரு உரிமையும் பிறப்பதில்லை. அவர் போக வேண்டியது பழைய இடத்துக்குத்தான்: வண்டியின் காப்பீடு, அது போதாவிட்டால் தவறை நிரூபிக்கும் வழக்கு. கட்டணம் வண்டிக்காரருக்கும் சாலைக்கும் நடுவே நடக்கிற வியாபாரம்.

இது நம் பக்கத்திலேயே நிரூபணமாகியிருக்கிறது. மதுரவாயலிலிருந்து வாலாஜாபேட்டை வரை சாலை குண்டும் குழியுமாகக் கிடந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. சாலையைச் சரிசெய்யும் வரை சுங்கத்தில் பாதியை மட்டுமே வசூலிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு, வரவேற்கலாம். ஆனால் அதன் தர்க்கத்தைப் பாருங்கள். சாலை மோசம், எனவே காசு கொடுப்பவருக்குத் தள்ளுபடி. அதே குழியில் விழுந்த சைக்கிள்காரர் சாவடியில் காசு கட்டுகிறவர் இல்லை. அவருக்குத் தள்ளுபடி செய்ய எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 198ஏ பிரிவு இன்னும் வேடிக்கை. சாலை வடிவமைப்புத் தரத்தை மீறி, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அபராதம் விழுந்தவர் கைக்கு நேரே வருவதில்லை. அரசின் விபத்து நிதிக்குப் போகிறது. டியோடாண்ட் நினைவுக்கு வரவில்லையா? பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், குழியில் விழுந்து செத்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் கொடுக்கச் சொன்னது. சாலைக்காரரையே நேராக விழுந்தவரிடம் கடன்காரராக்கிய உத்தரவு என்பதால் இதை முக்கியமாக நினைக்கிறேன்.

உரிமை கேட்டு வருகிறவரிடமே சுங்கம் வாங்கிய கதையும் உண்டு. ஹரியானா அரசு பஸ் மோதி இறந்தவரின் மனைவி, நீதிமன்றக் கட்டணம் கட்ட வழியில்லாமல் ஏழைக்கான விலக்கு கேட்டார். அதை எதிர்த்து அரசே உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979ல் தர்ஷனா தேவி வழக்கில் கிருஷ்ணய்யர் அரசைக் கடிந்து அனுப்பினார். காலமும் ஒரு கேட்டுத்தான். இழப்பீடு கேட்க ஆறு மாதக் கெடு 1988ன் சட்டத்தில் இருந்தது, 1994ல் நீக்கினார்கள், 2019ன் திருத்தத்தில் மறுபடி சேர்த்து 2022 ஏப்ரலில் அமலாக்கினார்கள். ஆறு மாதம் என்பது கால் முறிந்தவர் ஊன்றுகோலை விட்டு நிற்கிற காலம்கூட இல்லை. கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால ஆணை தந்திருக்கிறது. தாமதமாகிவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களிடம் தோழர்கள் இதைச் சொல்ல வேண்டும்.

இனி உடலுக்கு என்ன விலை என்பதற்கு வருவோம். 1994ல் ஒரு அட்டவணை போட்டார்கள். வருமானமே இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று ஒரு கற்பித வருமானம். 2018ல் அட்டவணையை மாற்றும் வரை 24 ஆண்டுகள் அந்த எண் அசையவில்லை. சம்பாதிக்காத மனைவி என்றால் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. காஞ்சிபுரத்துப் பட்டுப்புடவையில் எத்தனை பெண்களின் வேலை இருக்கிறது? நூல் இழைக்கிறார்கள், தார் சுற்றுகிறார்கள், பலர் தறியிலும் உட்காருகிறார்கள். கூலி என்னவோ வீட்டு ஆண் பேரில் வருகிறது. அட்டவணைப்படி இவர்கள் சம்பாதிக்காதவர்கள்! இந்தக் கணக்கை 2009ல் தீபிகா வழக்கில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் கேள்விக்குள்ளாக்கினார். வீட்டில் பெண் செய்யும் வேலைக்கும் மதிப்பு உண்டு என்று எழுதினார். அடுத்த ஆண்டே அருண்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திசையில் பேசியது. சென்னையில் கிளம்பிய வாதம் டெல்லிக்குப் போன அபூர்வங்களில் இது ஒன்று.

ஆண் நெசவாளரின் நிலைமை மட்டும் என்ன வாழுதாம்? வருமானச் சான்று எங்கே என்பதுதான் முதல் கேள்வி. கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்தால் கணக்குப் புத்தகமாவது இருக்கும். தனியாரிடம் பாவு வாங்கி நெய்கிறவரிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது. காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், 2014ல், காகிதமில்லை என்பதற்காக வருமானத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் மாதம் 6,500 ரூபாயை ஏற்றது. சையத் சாதிக் வழக்கு என்று பெயர். நெசவாளரின் வக்கீல் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது 2010ன் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு. டாக்டர் எழுதும் ஊனச் சதவீதமும் பிழைப்பு இழந்த சதவீதமும் ஒன்றல்ல என்று அது சொல்கிறது. இடது கை போன ஓட்டுநருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட முழுப் பிழைப்பும் போய்விடும். அரசு குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை. தீர்ப்பின் உதாரணங்களில் நெசவாளர் இல்லை, நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழித்தறியில் நெசவாளரின் கால்கள் பள்ளத்துக்குள் இறங்கி மிதிகட்டையில் நிற்கின்றன. ஒரு கால் மிதிக்க மறுத்தால் பாவு திறக்காது. பாவு திறக்காவிட்டால் நாடா போகாது. கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும், அவருடைய கூலியும் அன்றைக்கு நிற்கிறது. முழங்கால் மடங்கவில்லை என்று டாக்டர் முப்பது சதவீதம் எழுதிக் கொடுத்தாலும் தறியில் அது முழு இழப்பு. மனுவில் இதையெல்லாம் எழுத இடம் இருக்கத்தான் செய்கிறது. ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிட்டால், குழியும் மிதிகட்டையும் தீர்ப்பாயத்தின் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.