லான்சியா ஜாகுவார் ஆன கதை: மோர்ஸ் நாவல்களும் தொலைக்காட்சியும்

போன வருஷம் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி நூல் விமர்சனம் எழுதிக் கொடுத்தாள். இங்கிலாந்து எழுத்தாளர் கோலின் டெக்ஸ்டரின் ஆரம்பகாலத் துப்பறியும் நாவல்களில் ஒன்று. "இன்ஸ்பெக்டர் மோர்ஸ் ஜாகுவார் காரில் வருகிறார்" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. அதே நாவல் என்னிடமும் இருக்கிறது, பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அதில் மோர்ஸ் ஓட்டுவது லான்சியா என்ற இத்தாலி கார். ஜாகுவார் வருவது தொலைக்காட்சி நாடகத்தில்தான். 'புத்தகம் படிக்காமல் நாடகம் பார்த்து எழுதியது' என்று சிவப்பு மையில் குறித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். மறுநாள் அவள் ஒன்றும் பேசாமல் தன் புத்தகத்தை என் மேசைமேல் விரித்து வைத்தாள். ஜாகுவார் என்றே அச்சாகியிருந்தது!

இரண்டு புத்தகமும் ஒரே நாவல்தான், இரண்டும் போலி இல்லை. பிறகு எப்படி?

டெக்ஸ்டர் நம்ம ஆள்தான், பள்ளி ஆசிரியர். இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். காது கேட்பது குறைந்துகொண்டே வந்ததால் 1966இல் வகுப்பறையை விட்டு, ஆக்ஸ்ஃபர்டில் பள்ளித் தேர்வுகளை நடத்தும் பல்கலைக்கழக வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேல்ஸில் விடுமுறைக்குப் போன இடத்தில் விடாத மழை. கையில் கிடைத்த துப்பறியும் கதையைப் படித்துவிட்டு, "இதைவிட நல்லா நானே எழுதலாமே" என்று உட்கார்ந்தவர் அவர். முதல் மோர்ஸ் நாவல் 'லாஸ்ட் பஸ் டு உட்ஸ்டாக்' 1975இல் வந்தது. 1977இல் வந்த 'தி சைலன்ட் வேர்ல்ட் ஆஃப் நிக்கோலஸ் குவின்' நாவலை ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்குத் தேர்வு நடத்தும் ஒரு வாரியம், அதில் காது மந்தமான ஓர் அலுவலர், அவருடைய கொலை. வினாத்தாள் விவகாரமும் உண்டு. தான் பார்த்த வேலையையும் தன் குறையையுமே கதையாக்கிவிட்டார் மனுஷன்.

1987 ஜனவரியில் பிரிட்டனின் ஐடிவி, 'தி டெட் ஆஃப் ஜெரிக்கோ' நாவலோடு மோர்ஸ் தொடரைத் தொடங்கியது. திரைக்கதை, பின்னாளில் பெரிய இயக்குநரான ஆண்டனி மிங்கெல்லா. அப்போது அச்சில் இருந்தவை ஏழு நாவல்கள். குற்ற நாடகம் என்றால் ஒரு மணி நேரம் என்பது வழக்கமாக இருந்த காலம். மோர்ஸுக்கோ விளம்பரத்தோடு சேர்த்து இரண்டு மணி நேரம். ஒரு நாவலின் சிக்கலை அவிழ்க்க அவ்வளவு நேரம் வேண்டும்தானே?

பெரிய மாற்றம் காரில் இல்லை, உதவியாளர் லூயிஸில்தான். ஆரம்ப நாவல்களில் லூயிஸ் வேல்ஸ்காரர், மோர்ஸைவிடக் கொஞ்சம் மூத்தவர். நாடகத்தில் கெவின் வாட்லி நடித்த லூயிஸ் இளைஞர், குடும்பஸ்தர், வடகிழக்கு இங்கிலாந்துப் பேச்சு. ஏன் இந்த மாற்றம்? நாவலில் மோர்ஸ் மனசுக்குள் நினைப்பதைக் கதைசொல்லி நமக்குச் சொல்லிவிடலாம். கேமரா அதைச் சொல்லாது. மோர்ஸ் யாரிடமாவது வாய்விட்டுப் பேசியாக வேண்டும். ஒரே வயதுக்காரர் இருவர் என்றால் அந்தப் பேச்சில் சுவாரஸ்யம் குறைவு. கற்றுக்கொள்ளும் இளைஞன் கேள்வி கேட்டால், பார்ப்பவர்களுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும். என்னைக் கேட்டால் மூலத்தைவிட இதுதான் மேல். ஆனால் நாவலின் சொல் விளையாட்டுகளும், அத்தியாயத் தலைப்பில் வரும் குறும்பான மேற்கோள்களும் திரையில் காணாமல் போயின என்பதும் உண்மை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மாற்றம் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. ஜான் தா மோர்ஸாகவே பதிந்துபோனார். டெக்ஸ்டர் அதன்பின் எழுதிய நாவல்களில் மோர்ஸ் ஜாகுவாரில் வந்தார், லூயிஸும் நாடகத்து லூயிஸின் சாயலுக்கு மாறினார். பழைய நாவல்களைத் திரும்ப அச்சிட்டபோது லான்சியாவை எடுத்துவிட்டு ஜாகுவாரைப் போட்டார்கள். என் மாணவியின் கையில் இருந்தது அப்படி ஒரு பிரதி.

அதோடு நிற்கவில்லை. 1987 கடைசியில் 'தி வுல்வர்கோட் டங்' என்ற பாகம் ஒளிபரப்பானது. அதற்கு முன்னால் நாவல் எதுவும் கிடையாது. அந்தக் கதையை வைத்து டெக்ஸ்டர் 1991இல் 'தி ஜுவல் தட் வாஸ் அவர்ஸ்' நாவலை எழுதினார். இங்கே எது மூலம், எது தழுவல்? 2000 வரை மொத்தம் 33 பாகங்கள் வந்தன. நாவல்களோ 13தான். மிச்சக் கதைகளைத் திரைக்கதை எழுத்தாளர்கள் உருவாக்கினார்கள். பிறகு லூயிஸ் தனித் தொடரானார். 2012 முதல் 2023 வரை இளவயது மோர்ஸை வைத்து 'எண்டெவர்' வந்தது.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு வேலை: 1987க்கு முன் அச்சான மோர்ஸ் நாவல் ஒன்றையும், அதே நாவலின் பிந்திய மறுபதிப்பு ஒன்றையும் தேடி எடுங்கள். பழைய பிரதிகள் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. கார் வரும் பக்கங்களை மட்டும் மாணவர்கள் ஒப்பிடட்டும். ஆண்டு எங்கே அச்சாகியிருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் சொல்லாதீர்கள். என் வகுப்பில் அந்த மாணவிதான் முதலில் கண்டுபிடித்தாள். குறைத்த மதிப்பெண்ணை அதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிவப்பு மைக் குறிப்பை மட்டும் அழிக்க முடியவில்லை, அதன் கீழே மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.