தலைவரும் ஓர் உறுப்பே: திருச்சபைத் தலைவர்களுக்காக மன்றாடும் மரபு

ஞாயிறு வழிபாட்டில் பேராயருக்காகவும் ஆயர்களுக்காகவும் நாம் ஏறெடுக்கும் மன்றாட்டு மிகச் சுருக்கமானது. பெயர் சொல்லப்படுகிறது, சபையார் மறுமொழி கூறுகின்றனர், அடுத்த விண்ணப்பத்திற்குச் செல்கிறோம். பழகிப்போனமையால், இதன் வழியாகத் திருச்சபை எதனை அறிக்கையிடுகிறது என்று நாம் ஆராய்வதில்லை. வரலாற்றை நோக்குமிடத்து, இச்சிறு மன்றாட்டு சில வேளைகளில் தலைவரைப் போற்றும் சடங்காகவும், சில வேளைகளில் எதிராளியைத் தண்டிக்கும் கருவியாகவும் திரிந்துள்ளதைக் காண்கிறோம். ஆயினும் அதன் அடிப்படைப் பொருள் ஒன்றே. தலைவர் கடவுளுக்கும் மக்களுக்கும் இடையே நிற்கும் மத்தியஸ்தர் அல்லர். கிறிஸ்துவின் உடலில் அவரும் ஓர் உறுப்பு. ஆகவே அவருக்கும் பிறருடைய மன்றாட்டு தேவை. இப்பொருள் எவ்வாறு விளங்கிற்று, எவ்வாறு மங்கிற்று, எவ்வாறு மீண்டும் கண்டறியப்பட்டது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. திருத்தூதரின் வேண்டுகோள்

தலைவர்களுக்காக மன்றாடும் வழக்கம் தலைவர்களின் வேண்டுகோளாகவே நமக்குத் திருமறையில் காணக்கிடைக்கிறது. புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகத் தொன்மையானது எனப் பலராலும் கருதப்படும் 1 தெசலோனிக்கேயர் நிருபத்தின் இறுதியில், தமக்காக வேண்டிக்கொள்ளுமாறு பவுல் கேட்கிறார் (5:25). எபேசியரிடம் சுவிசேஷத்தைத் துணிவுடன் பேசும் வரத்திற்காகவும் (6:19), கொலோசெயரிடம் திருவசனத்திற்கு வாசல் திறக்கப்படுவதற்காகவும் (4:3) மன்றாடும்படி கேட்கப்படுகிறது. இவற்றுள் எதுவும் தலைவருடைய பெருமையை நாடவில்லை. யாவும் அவருடைய பணியையே நாடுகின்றன.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் வேண்டுகோள் இன்னும் ஆழமானது (15:30-32). யூதேயாவிலுள்ள எதிர்ப்பாளரிடமிருந்து தாம் தப்புவிக்கப்படவும், எருசலேமின் ஏழைகளுக்காகத் தாம் கொண்டுசெல்லும் காணிக்கை அங்குள்ளோரால் ஏற்கப்படவும், பின்னர் மகிழ்வுடன் ரோமுக்கு வரவும் தம்மோடு சேர்ந்து போராடி மன்றாடுமாறு, தம்மில் பலரை நேரில் அறியாத ஒரு சபையைப் பவுல் வேண்டுகிறார். விடை எவ்வாறு வந்தது? அவர் கொலைச் சதியினின்று தப்பினார். ஆனால் ரோமப் போர்வீரரின் காவலில் தப்பினார். ரோமுக்கு வந்தார், ஆனால் கைதியாக வந்தார். காணிக்கை எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதை லூக்கா வெளிப்படையாகக் கூறவில்லை. தலைவருக்காக மன்றாடுவது அவருக்கு வெற்றியை உறுதிசெய்யும் வழியன்று என்பதைத் திருமறையே இவ்வாறு உணர்த்துகிறது.

மற்றொன்றும் நோக்கற்பாலது. எக்காணிக்கைக்காகப் பவுல் மன்றாட்டைக் கேட்டாரோ, அதே காணிக்கையைக் கையாள்வதில் எவரும் தம்மேல் குறைகூறாதபடி, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவரையும் உடன் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார் (2 கொரி. 8:18-21). மன்றாட்டைக் கேட்ட தலைவர் கணக்கு ஒப்புவிக்கவும் ஆயத்தமாயிருந்தார். தலைவருக்குக் கீழ்ப்படியுமாறு கூறும் எபிரெயர் நிருபமும், அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, அடுத்த வசனத்திலேயே மன்றாட்டைக் கேட்கிறது (13:17-18).

2. மௌனமாய் மன்றாடும் சபை

2 ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில், கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோகியாவின் பேராயர் இக்னாசியு, வழியிலிருந்து எழுதிய ஏழு நிருபங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. பேராயரின்றிச் சபை எதனையும் செய்யலாகாது என்று வலியுறுத்தியவர் அவர். அவரே தமக்காகவும், மேய்ப்பனை இழந்து நின்ற சீரியாவின் சபைக்காகவும் மன்றாடுமாறு மீண்டும் மீண்டும் கெஞ்சுகிறார். தமக்குப் பதிலாகக் கடவுளே அச்சபைக்கு மேய்ப்பர் என்கிறார். பேராயர் பொறுப்பை உயர்வாகப் பேசியவரிடத்திலேயே அதன் எல்லையையும் அறிந்த தாழ்மையைக் காண்கிறோம்.

‘அப்போஸ்தல மரபு’ என்னும் பழம்பெரும் நூல் நீண்டகாலமாக ரோமின் இப்போலித்துவுக்கு உரியதாகக் கருதப்பட்டு வந்தது. அதன் ஆசிரியரும் காலமும் பற்றி இன்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேராயரைத் திருநிலைப்படுத்தும் முறையை அந்நூல் விவரிக்கிறது. மக்கள் அனைவராலும் தெரிந்துகொள்ளப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை சபைமுன் நிறுத்தப்படுகிறார். பேராயர்கள் அவர்மேல் கைகளை வைக்கின்றனர். அப்பொழுது அனைவரும் மௌனமாய் நின்று, ஆவியானவரின் வருகைக்காக உள்ளத்தில் மன்றாடுகின்றனர். அதன் பின்னரே ஒரு பேராயர் வாய்திறந்து வேண்டுகிறார். மக்களின் மன்றாட்டு முந்தியது. அதனை ஒருவரின் குரல் தொடர்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஆம் ஆண்டு ஜெப நூலிலும், குருத்துவ அபிஷேகத்தின்போது சபையார் சற்றுநேரம் மௌனமாய் மன்றாடும்படி விதிக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

3. பெயர்ப்பலகையும் பிளவும்

காலப்போக்கில், திருவிருந்து வழிபாட்டில் நினைவுகூரப்பட வேண்டியவர்களின் பெயர்கள் மடிப்புப் பலகைகளில் எழுதப்பட்டு வாசிக்கப்பட்டன. ஒரு பேராயரின் பெயரை வாசிப்பது அவரோடுள்ள ஐக்கியத்தின் அடையாளமாயிற்று. எனவே பெயரை நீக்குவது ஐக்கியத்தை முறிக்கும் செயலாயிற்று. அன்பின் மன்றாட்டு அரசியல் கருவியாக மாற இது வழிவகுத்தது.

கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயர் யோவான் கிறிசோஸ்தோம் 403 இல் பதவி நீக்கப்பட்டு, மீண்டும் அழைக்கப்பட்டு, 404 இல் இறுதியாக நாடுகடத்தப்பட்டார். 407 இல் கடும் பயணத்தின் நடுவே மரித்தார். அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. அவர்பால் அன்பு கொண்ட மக்கள் தனித்துக் கூடி வழிபட்டனர். அவர் பெயர் மீண்டும் சேர்க்கப்படும்வரை ரோமின் பேராயர் முதலாம் இன்னொசெந்து ஐக்கியம் கொள்ள மறுத்தார். அந்தியோகியாவும், பின்னர் கான்ஸ்டாண்டிநோபிளும் பெயரைச் சேர்த்தன; அலெக்சாந்திரியாவின் சிறில் அதனை எதிர்த்தார். 438 இல் அவருடைய உடலின் எச்சங்கள் தலைநகருக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டபோதுதான் மக்களின் காயம் ஆறிற்று எனலாம்.

484 இல் தோன்றிய ரோம-கான்ஸ்டாண்டிநோபிள் பிளவிலும் இதுவே நிகழ்ந்தது. ரோமின் பேராயர் பெயரை அக்காகியு நீக்கினார். 519 இல் பிளவு தீர்ந்தபோது, மரித்துப்போன அக்காகியுவின் பெயரோடு பேரரசர் இருவரின் பெயர்களும் நீக்கப்பட்டன. உயிரோடிருப்பவர்மேல் கொண்ட கோபம் மரித்தோரையும் விடவில்லை.

4. அகுஸ்தீனின் மறுமொழி

கிறிசோஸ்தோம் வாழ்ந்த அதே காலத்தில், வட ஆப்பிரிக்காவில் இதன் ஆணிவேரைத் தொடும் கேள்வி எழுந்திருந்தது. துன்புறுத்தலின்போது திருமறை ஏடுகளைப் பகைவரிடம் ஒப்படைத்தவர்களின் திருப்பணி செல்லாது எனக் கூறிப் பிரிந்தவர்கள் தொனாத்தியர். தலைவருடைய தூய்மையே திருச்சபையின் தூய்மைக்கு அரண் என்பது அவர்கள் நிலைப்பாடு. அவர்களுடைய கார்த்தேஜ் பேராயராகிய பார்மேனியன், பேராயரை மக்களுக்கும் கடவுளுக்கும் இடையேயுள்ள மத்தியஸ்தராக வைத்துப் பேசினார்.

ஏறத்தாழ 400 ஆம் ஆண்டில் எழுதிய மறுப்பு நூலில் அகுஸ்தீன் இக்கூற்றை எதிர்கொண்டார். அதற்கு அவர் எடுத்தாண்ட சான்று, பவுல் மன்றாட்டைக் கேட்ட பகுதிகளே. பவுல் தலைசிறந்த உறுப்பாயினும் உறுப்பே. ஆகையால் விசுவாசிகளின் மன்றாட்டுக்குத் தம்மை ஒப்புவித்தார். மத்தியஸ்தராயிருந்தால் அவ்வாறு கேட்டிருக்க மாட்டார். எல்லாருக்காகவும் பரிந்துபேசி, எவருடைய பரிந்துரையும் தமக்குத் தேவைப்படாதவர் ஒருவரே, அவரே கிறிஸ்து. யோவானும் தம் நிருபத்தில், பரிந்து பேசுபவர் நமக்கு உண்டு எனத் தம்மையும் பாவிகளோடு சேர்த்தே கூறினார் என்பதை அகுஸ்தீன் சுட்டுகிறார் (1 யோவான் 2:1).

இது வெறும் வாதத் திறமையன்று. ஹிப்போவின் பேராயராகத் தாம் திருநிலைப்படுத்தப்பட்ட நாளின் நினைவு வழிபாட்டில் ஆற்றிய அருளுரையொன்றில், பேராயர் என்னும் பொறுப்பு தம்மை அச்சுறுத்துவதாகவும், மக்களோடு தாமும் ஒரு கிறிஸ்தவர் என்பதே தம்மைத் தேற்றுவதாகவும் அவர் கூறி, சுமையைத் தாங்க மன்றாட்டினால் உதவுமாறு கேட்கிறார்.

5. சீர்திருத்தமும் தென்னிந்தியாவும்

கால்வின் தம் ‘கிறிஸ்தவ மார்க்க நெறிமுறை’ நூலில் (1559 பதிப்பு, 3:20), கிறிஸ்துவே ஒரே மத்தியஸ்தர் என்பதை நிலைநாட்டும்போது, பார்மேனியனுக்கு எதிரான அகுஸ்தீனின் இவ்விளக்கத்தையே எடுத்தாள்கிறார். அனைத்து விசுவாசிகளின் குருத்துவத்தைச் சீர்திருத்தச் சபைகள் எடுத்துரைத்த காலத்தில் இவ்விளக்கம் புதிய வலிமை பெற்றது.

ஆயினும் சீர்திருத்தச் சபைகளும் பழைய சோதனைக்குத் தப்பவில்லை. கிரான்மர் 1544 இல் அமைத்த ஆங்கில லித்தானியாவில், ஆயர்கள் போதனையாலும் வாழ்க்கையாலும் திருவசனத்தை விளங்கச் செய்யவேண்டும் என்ற சிறந்த விண்ணப்பம் உண்டு. அதே லித்தானியாவில் ரோமின் பேராயருடைய கொடுங்கோன்மையினின்று விடுதலை கேட்கும் விண்ணப்பமும் இருந்தது. 1559 ஆம் ஆண்டு ஜெப நூலில் இது நீக்கப்பட்டது. எதிராளியின் பெயரைச் சொல்லாது விடுவதும், அவருக்கு எதிராக மன்றாடுவதும் ஒரே நோயின் இரு வடிவங்களே.

நம் நாட்டில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. பேராயர் பொறுப்பைக் காத்துவந்த ஆங்கிலிக்கரும், மெதடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் மரபுகளை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றாயினர். அன்று திருநிலைப்படுத்தப்பட்ட புதிய பேராயர்களுள் ஒருவர், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் அருட்பணியாளராகிய லெஸ்லி நியூபிகின். அவர் மதுரை-இராமநாதபுரம் பேராயரானார். அப்போது அவருக்கு வயது 37. பேராயர் பொறுப்பே இல்லாத மரபினர் பேராயரைத் தம்மவராக ஏற்று மன்றாடவும், பேராயர் மரபினர் வேற்று மரபிலிருந்து வந்தவரைத் தம் மேய்ப்பராக மன்றாட்டில் நினைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஐக்கியம் ஆவணங்களில் கையெழுத்தாவதோடு முடியவில்லை. ஞாயிறுதோறும் மன்றாட்டில் வளரவேண்டியதாயிற்று.

6. நாம் கற்கவேண்டியவை

பொறுப்புகளுக்கான தேர்தல்கள் சபைகளைப் பிளப்பதையும், வழக்குகள் நீதிமன்றம்வரை செல்வதையும் நாம் அறிவோம். இச்சூழலில் சிலர் பேராயரின் பெயரை அடைமொழிகளோடு முழங்குகின்றனர். சிலர் அதனைச் சொல்லாது கடந்துவிடுகின்றனர். முன்னவர் அவரைப் பார்மேனியனின் மத்தியஸ்தராக்குகின்றனர். பின்னவர் மடிப்புப் பலகையின் பெயரை அழிக்கின்றனர். இரு சாராரும் அவர் ஓர் உறுப்பு என்பதை மறக்கின்றனர்.

தலைவருக்காக மன்றாடுவது அவருடைய குற்றத்தை மூடுவதன்று. காணிக்கைக்காக மன்றாட்டைக் கேட்ட பவுல், அதற்குச் சாட்சிகளையும் உடன் வைத்தார். மன்றாடும் சபைக்குக் கணக்குக் கேட்கும் கடமையும் உண்டு. கணக்குக் கேட்கும் சபை மன்றாடுவதை நிறுத்தவும் கூடாது. நாம் எதிர்த்து வாக்களித்தவருக்காகவும் பெயர் சொல்லி மன்றாடும்போதுதான், நம் ஐக்கியம் கட்சிச் சார்பைக் கடந்தது என்பது விளங்கும்.

ஆயர்களாகிய நமக்கும், ஆயத்தமாகும் இறையியல் மாணவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. சபையாருக்காக மன்றாடுவதை நம் பணியாகக் கருதும் நாம், நமக்காக மன்றாடுமாறு அவர்களைக் கேட்பது அரிது. நம் குறைவை அவர்கள் அறிந்துவிடுவார்கள் என அஞ்சுகிறோம். திருத்தூதரோ தம் அச்சத்தையும் ஆபத்தையும் ரோமச் சபையின்முன் வெளிப்படையாக வைத்தார். அவ்வண்ணம் கேட்கத் துணியும் ஆயர், தம் சபையாரை ஆசாரியக் கூட்டமாக மதிக்கிறார். தமக்கும் அவர்களுக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்பதைத் தம் வாயினாலேயே அறிக்கையிடுகிறார்.