அப்பா அம்மாவுக்கு எந்த இடம்? முதியோர் குடியிருப்பும் பராமரிப்பு இல்லமும்

2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். 2031-இல் அது பதினெட்டைத் தாண்டும் என்கிறது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருக்க, பெற்றோர் மட்டும் பெரிய வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் தெருக்கள் மயிலாப்பூரிலும் உண்டு, காரைக்குடியிலும் உண்டு. அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், அல்லது வீட்டோடு வைத்திருந்த ஆள் சொல்லாமல் நின்றுவிட்டார் என்று ஒருநாள் போன் வரும். அன்றிரவே குடும்பம் இடம் தேடத் தொடங்கும்.

அந்த அவசரத்தில் இரண்டு வகை இடங்கள் ஒன்றாகக் கலந்து கண்ணில் படுகின்றன. ஒன்று, கோவையைச் சுற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகிய மூத்த குடிமக்கள் குடியிருப்பு. தனி வீடு அல்லது ஃபிளாட், பொதுச் சமையலறை, காவலாளி, அழைத்தால் வரும் நர்ஸ் என்பது அதன் அமைப்பு. மற்றது, சென்னை போன்ற நகரங்களில் பெருகிவரும் பராமரிப்பு இல்லம். அங்கே அறை அல்லது படுக்கைக்கு மாதக் கட்டணம். குளிப்பாட்டுவதிலிருந்து மருந்து கொடுப்பதுவரை ஆட்கள் செய்வார்கள். இரண்டிலும் நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஒருவருக்குப் பொருந்தாத வகையில் எவ்வளவு நல்ல இடத்தைப் பிடித்தாலும் அவர் அங்கே துன்பப்படுவார். முதலில் வகையை முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் இடத்தைத் தேட வேண்டும்.

யாருக்கு எது

இதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காருவது, மலசலத்தை அடக்குவது, தன் கையால் சாப்பிடுவது ஆகிய ஆறையும் பிறர் உதவியின்றிச் செய்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது அது. ஆறையும் செய்கிறவருக்குக் குடியிருப்பே சரி. அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தால், செய்ய முடிந்த வேலையையும் பிறர் செய்துவிட, சில மாதங்களில் அந்தத் திறனும் போய்விடும். இரண்டு மூன்றுக்கு மேல் கைத்துணை தேவைப்பட்டால் குடியிருப்பு தாங்காது.

மறதி நோய் இந்தக் கணக்கில் அடங்காது. ஆறையும் தானே செய்வார். ஆனால் கேஸை மூட மறப்பார், வாசலைத் தாண்டினால் திரும்பி வர வழி தெரியாது. அவருக்கு உடல் வலுவாக இருந்தாலும் கண்காணிப்பு உள்ள இல்லமே வேண்டும். சந்தேகம் இருந்தால் முதியோர் மருத்துவரிடம் ஒருமுறை முழுமையாகக் காட்டிவிடுவது நல்லது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது.

பகல்

பகலில் குடியிருப்பின் கை ஓங்கியிருக்கும். வீட்டுச் சாவி அம்மாவின் இடுப்பிலேயே இருக்கும். பூஜை அலமாரி, சொந்த டம்ளர், நினைத்த நேரத்தில் காபி எல்லாம் இருக்கும். காலை நடைக்கும் கேரம் பலகைக்கும் சமவயதுக்காரர்கள் கிடைப்பார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கோவைப் பக்கத்துக் குடியிருப்புகள் பலவற்றின் பொதுச் சமையலறை சைவம். வாழ்நாளெல்லாம் மீன் குழம்போடு சாப்பிட்ட தூத்துக்குடிக்காரருக்கு அங்கே சாப்பாட்டு நேரம் தினசரி தண்டனையாகிவிடும்.

பராமரிப்பு இல்லத்தில் பகல் என்பது ஊழியர்களின் ஷிப்டை ஒட்டி ஓடுவது. இரவு ஷிப்ட் முடிவதற்குள் எல்லோரையும் குளிப்பாட்டிவிட வேண்டும் என்பதற்காக விடியுமுன்பே எழுப்பும் இடங்கள் உண்டு. குளிக்கும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில் இல்லத்தின் குணம் தெரிந்துவிடும். பணியாளர்களுக்குத் தமிழ் வருமா என்பதையும் கேளுங்கள். வெளிமாநிலங்களிலிருந்து வந்து அக்கறையோடு பார்த்துக்கொள்ளும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் மறதி நோயில் தாய்மொழி மட்டுமே எஞ்சியிருக்கும் ஒருவர் தண்ணீர் வேண்டும் என்று சொன்னால் புரிந்துகொள்ள ஒருவராவது அருகில் இருக்க வேண்டும்.

இரவு

இரண்டையும் பிரித்துக் காட்டுவது இரவுதான். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் தோல் முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும். ஒருவரே இழுத்துத் திருப்பினால் விரிப்பில் உரசித் தோல் உரியும். உடம்புக்கு அடியில் போட்ட துணியின் இரு பக்கத்தையும் இருவர் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கித் திருப்பி, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்றும் வைக்க வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒருவருக்கே நான்கு முறை. படுத்திருப்பவர்கள் பத்துப் பேர் என்றால் நாற்பது முறை. அந்தத் தளத்தில் இரவில் ஒரே ஆள்தான் என்றால், வரவேற்பறை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த வேலை நடக்காது.

ஆகவே பராமரிப்பு இல்லத்தைப் பகல் பதினோரு மணிக்கு மேலாளரோடு சுற்றிப் பார்த்தால் போதாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள். அழைப்பு மணி படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா, அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள்.

குடியிருப்பில் இரவுக் கேள்வி வேறு. நெஞ்சு வலிக்கிறது, பொத்தானை அழுத்துகிறார், ஆம்புலன்ஸ் வருகிறது. அதில் கூடப் போவது யார்? மருத்துவமனையில் கையெழுத்துப் போடுவது யார்? பிள்ளை விமானம் ஏறி வந்து சேரும்வரை உடன் இருப்பது யார்? இதற்கு எழுத்தில் பதில் தராத குடியிருப்பு, அழகான அபார்ட்மெண்ட் மட்டும்தான்.

பணமும் சட்டமும்

குடியிருப்பில் முதலில் பெருந்தொகை, பிறகு மாதப் பராமரிப்பும் சாப்பாடும். விலைக்கு வாங்குவதானால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவைப் பாருங்கள். பத்திரம் பெற்றோர் பெயரிலேயே இருக்கட்டும். பெற்றோருக்குப் பின் அந்த வீட்டை யாருக்கு விற்கலாம், நிர்வாகம் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதையும் ஒப்பந்தத்தில் படிக்க வேண்டும்.

பராமரிப்பு இல்லத்தில் முன்பணம் குறைவு. ஆனால் மாதக் கட்டணம் சொன்ன தொகையோடு நிற்பதில்லை. டயாப்பர், மருந்து, பிசியோதெரபி, மருத்துவமனைக்குத் துணை வரும் ஆள் எல்லாம் தனி பில்லாக வருவது வழக்கம். போன மாதம் ஒருவருக்குப் போட்ட முழு பில்லை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு இங்கே கைகொடுக்காது. 70 வயது கடந்தவர்களுக்கு 2024 முதல் வந்த 5 லட்ச ரூபாய் மத்திய அரசுக் காப்பீடும் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். 2007-இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து பெற்றுத்தரும் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதை வைத்து இப்படிப்பட்ட இல்லத்தில் காலம் தள்ள முடியாது.

ஒருவர் படுத்துவிட்டால்

இரண்டு வகையும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அப்பாவுக்குப் பக்கவாதம், அம்மா நன்றாக நடமாடுகிறார். அப்பாவுக்கு ஏற்ற இல்லத்தில் அம்மாவையும் வைத்தால், நோயாளிகளுக்கு நடுவே அவர் காலத்துக்கு முன்பே தளர்ந்துவிடுவார். அம்மாவுக்கு ஏற்ற குடியிருப்பில் இருவரும் இருந்தால், எழுபது கடந்த ஒரு பெண் சம்பளமில்லாத இரவு நர்ஸாகிவிடுகிறார். தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் நடக்கிறது. நடப்பது வெளியே தெரிவதும் இல்லை. அம்மா வாய் திறந்து சொல்ல மாட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடமே முதல் தேர்வு. கோவையிலும் சென்னையிலும் அப்படிச் சில வந்திருக்கின்றன. அது அமையாவிட்டால், குடியிருப்பு வீட்டிலேயே இரவு தங்கும் ஆளை வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், அப்பா இருக்கும் இல்லத்துக்கு அம்மா தினமும் ஆட்டோவில் போய்வரும் தூரத்தில் வீடு பார்க்க வேண்டும். பிரித்து வைத்துவிட்டார்கள் என்று உறவினர்கள் பேசுவார்கள். பேசுகிறவர்கள் யாரும் ராத்திரி எழுந்து டயாப்பர் மாற்ற வரப்போவதில்லை.

முடிவு யாருடையது

நடமாட்டமும் தெளிவும் உள்ளவருக்குக் குடியிருப்பு. கைத்துணை இல்லாமல் நாள் நகராதவருக்குப் பராமரிப்பு இல்லம். இரண்டிலும் முதல் வார்த்தை பெற்றோருடையதாக இருக்க வேண்டும். பல குடும்பங்களில் அண்ணன் தம்பி வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் முடிவாகி, கடைசியில் அப்பாவுக்குத் தகவல் மட்டும் போகிறது. அறுபது ஆண்டுகள் தன் வீட்டுக்குத் தானே முடிவெடுத்த மனிதருக்கு அது பெரிய அவமானம். பட்டியலை இரண்டாகச் சுருக்கி, இரண்டையும் அவர் கண்ணால் பார்க்கவைத்து, கூடுமானால் ஒரு மாதம் தங்கிப் பார்க்கச் சொல்லி, பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரவும் வழி வைத்து, அதன்பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

போட்ட பின்னும் அடிக்கடி போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்தால் உள்ளூரில் ஒரு மாமாவையோ நண்பரையோ முன்னறிவிப்பில்லாமல் போகச் சொல்லுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று ஊழியர்களுக்குத் தெரிந்தால் அவரைக் கவனிப்பதில் அசட்டை வராது. குடியிருப்பானாலும் இல்லமானாலும், எவ்வளவு கட்டணம் கட்டினாலும், பிள்ளைகள் செய்ய வேண்டிய இந்த ஒன்றை வேறு யாரும் செய்துவிட முடியாது.