பசிக்குக் கணக்கு எழுதுவது யார்?

சாயங்காலம் பழங்காநத்தம் பக்கம் பரோட்டாக் கல் சூடாகிவிட்டால் போதும், வீட்டில் சாப்பிட்டு வந்தவனுக்கும் பசிக்கும். இந்தப் பசி எங்கிருந்து வருகிறது? வயிற்றிலிருந்து என்போம். விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். வயிறு சுருங்குவதுதான் பசி என்று அமெரிக்காவின் வால்டர் கேனன் 1912இல் எழுதினார்.

காமர்ஸ் படிக்கிற எனக்கு உடம்பும் ஒரு பேரேடாகத்தான் தெரிகிறது. சாப்பிடுவது வரவு, உழைப்பது செலவு, மிச்சம் கொழுப்பு. சரி, அந்தப் பேரேட்டை எழுதும் கணக்குப்பிள்ளை யார்? அவரைத் தேடிய கதையில் ஒரு இந்தியருக்கு முக்கிய இடம் உண்டு. நம்மில் பலர் அவர் பெயரையே கேட்டிருக்க மாட்டோம்.

1940இல் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் எலிகளின் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில் சிறு சேதம் செய்து பார்த்தார்கள். எலிகள் கண்டபடி பெருத்தன. 1951இல் நம் பி. கே. ஆனந்த், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து அதே ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியை ஆராய்ந்தார். அங்கே இருபுறமும் சேதம் செய்தால், எதிரில் தீனி இருந்தும் எலி தொடவில்லை. பட்டினி கிடந்தே செத்தது! அந்த இடத்துக்கு 'உண்ணும் மையம்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியல் பேராசிரியரான ஆனந்த், ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது இந்த மையங்களின் மின்னோட்டம் மாறுவதை 1962இல் சகாக்களோடு காட்டினார்.

ஒரே இடத்தில் ஒரு சுவிட்ச் என்ற எண்ணம் பின்னால் மாறியது. அந்த வழியாகப் போகும் டோபமைன் நரம்புகள் அறுபடுவதும் எலிகள் சாப்பிடாததற்கு ஒரு காரணம் என்று 1970களில் தெரிந்தது. ஆனாலும் பசியின் அலுவலகம் மூளையில்தான் என்பது நின்றுவிட்டது.

அடுத்த கேள்வி: கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மூளைக்கு யார் சொல்வது? அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல் ஒரு குண்டு எலி வகை கிடைத்தது. அதன் ரத்த ஓட்டத்தைச் சாதாரண எலியோடு டக்ளஸ் கோல்மன் இணைத்தபோது, குண்டு எலி குறைவாகத் தின்றது, எடையும் குறைவாகவே ஏறியது. ரத்தத்தில் ஏதோ ஒரு தூது இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் அனுப்பும் அந்த ஹார்மோன்தான் லெப்டின்.

மனிதர்களுக்கும் இது பொருந்துமா? 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் இரண்டு குழந்தைகளைப் பார்த்தார்கள். 8 வயதுப் பெண் 86 கிலோ, 2 வயதுப் பையன் 29 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. லெப்டின் மரபணுவில் பழுது. அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி, ஒரு வருடத்தில் சுமார் 16 கிலோ குறைந்தது. அதற்குமுன் எத்தனை பேர் அந்தப் பிள்ளையை 'தின்னிப்பண்டாரம்' என்று சொல்லியிருப்பார்களோ!

இப்படிப்பட்ட முழுப் பழுது மிக அபூர்வம். குண்டாக இருக்கும் பெரும்பாலோருக்கு லெப்டின் நிறையவே இருக்கிறது, மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. ஆகவே லெப்டின் ஊசி எல்லோருக்கும் மருந்தாகவில்லை. ஆனால் சிறுசிறு மரபணு வேறுபாடுகள் பலருக்கு உண்டு. பசியை அடக்கும் எம்.சி.4.ஆர். மரபணுவின் அருகே உள்ள ஒரு வேறுபாடு இடுப்பளவோடு தொடர்புடையது, அது ஐரோப்பியரைவிட இந்திய வம்சாவளியினரிடம் அதிகம் என்று 2008இல் ஒரு ஆய்வு சொன்னது.

அப்படியானால் எல்லாம் தலையெழுத்தா? இல்லை. ஐம்பது வருடத்தில் நம் மரபணு மாறிவிடவில்லை. தட்டில் விழுவதும் நடை குறைந்ததும்தான் மாறியிருக்கின்றன. ஆனால் ஒரே தெருவில், ஒரே கடையில் சாப்பிடும் இரண்டு பேரில் ஒருவர் மட்டும் பெருப்பதற்கு அவருடைய மூளை எழுதும் கணக்கும் காரணம்.

கல்யாண வீட்டுப் பந்தியில் குண்டாக இருப்பவரின் இலையைப் பார்த்துக் கிண்டல் செய்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. "வாயைக் கட்டத் தெரியாதா?" என்று கேட்பதற்கு முன், அவருடைய பசியும் நம்முடைய பசியும் ஒரே அளவுதானா என்று கொஞ்சம் யோசிப்போம் நண்பர்களே.