சேலத்து ராஜாக்களும் இருபத்து மூன்றாம் புலிகேசியும்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்குள்ளே ஒரு காலத்தில் அரண்மனைகள் எழும்பின, அரசுகள் கவிழ்ந்தன. ஸ்டூடியோவைக் கட்டிய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து சினிமாவில் இறங்கினார். 1937-இல் ‘சதி அகல்யா’. அதைத் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள்.

அவற்றில் 1940-இல் வந்த ‘உத்தம புத்திரன்’ தனியாகப் பேச வேண்டியது. அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய அதில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். அரண்மனையில் கெட்டுப்போன ஒருவன், வெளியே வளர்ந்த நல்லவன் ஒருவன், சிம்மாசனத்தைச் சுற்றிச் சூழ்ச்சி. 1958-இல் சிவாஜி கணேசன் அதே தலைப்பில் நடித்தார். இடையில் சேலம் ‘மந்திரி குமாரி’யையும் (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தையும் தந்தது. வாள்வீச்சு, ராஜகுரு, அடுக்குமொழி, மாறுவேடம் என்று ராஜா ராணிப் படத்தின் முறைகள் எல்லாம் இப்படித்தான் மக்களுக்கு மனப்பாடம் ஆயின.

அந்த மனப்பாடத்தை நம்பித்தான் 2006-இல் ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’ வந்தது. ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டவர் சிம்புதேவன். அவருக்கு இது முதல் படம். தயாரித்தவர் ஷங்கர். வடிவேலு முதன்முறையாகக் கதாநாயகன், அதுவும் இரட்டை வேடத்தில். கதையின் எலும்புக்கூடு அப்படியே ‘உத்தம புத்திரன்’. மாமன் கைப்பொம்மையாக ஒரு மக்கு மன்னன், வெளியே புரட்சிக்காரனாக அவன் இரட்டையன். 66 வருடம் கழித்தும் அந்தக் கதை தாங்கியது. இந்தக் கேலி பழைய படங்களுக்குச் செய்த அவமரியாதை அல்ல, மரியாதை என்றே கொள்ள வேண்டும். நன்கு தெரிந்த ஒன்றைத்தான் இவ்வளவு நுணுக்கமாகக் கேலி செய்ய முடியும்.

ஓவியர் மன்னனை வரையும் காட்சியைப் பாருங்கள். எதிரே நிற்பது ஒல்லி உடம்பு. துணியில் எழுவதோ திரண்ட தோள், விரிந்த மார்பு, அதன்மேல் புலிகேசியின் முகம். வருங்காலம் தன்னை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. வரலாறு முக்கியம் என்று அவன் அமைச்சரிடம் சொல்வதை இன்று மீம் போடாத ஆளில்லை.

1975-இல் பிரிட்டனின் மான்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழு ஆர்தர் மன்னன் கதையைத் தன் படத்தில் இப்படித்தான் கலைத்துப் போட்டது. குதிரைக்குக் காசில்லை, கொட்டாங்குச்சிகளைத் தட்டியே குளம்பொலி எழுப்பினார்கள். அங்கே சிரிப்புக்கு அடிப்படை பழங்கதை. இங்கே பழைய சினிமா. ஆனால் புலிகேசி அதோடு நிற்கவில்லை. படத்தின் காலம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, கும்பெனி வேரூன்றிய நேரம். அதே காலத்தின் தொடர்ச்சியில்தான், 1805-இல், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துச் சங்ககிரியில் கும்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். படத்து மன்னனோ வெள்ளைக்காரனுக்குக் குளிர்பானம் விற்க வழிவிடுகிறான். குடிமக்கள் மோதிக்கொள்ளச் சாதிச் சண்டை மைதானம் திறக்கிறான்.

படம் இன்னும் பேசப்படுவதற்கு அந்த மைதானமே பெரிய காரணம். வடிவேலுவின் உடல்மொழிக்கு ஒருமுறை சிரிக்கலாம், பத்துமுறையும் சிரிக்கலாம். மைதானக் காட்சிக்கோ சிரித்த கையோடு கோபமும் வருகிறது. 2017-இல் தொடங்கிய ‘24-ஆம் புலிகேசி’ பாதியிலேயே நின்றுபோனது. முதல் படத்தைத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.